போர்டு வரும்வரை

வாஷிங் மெஷின் நின்றுபோனது மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். உள்ளே வியாகுலம்மாளின் இரண்டு விரிப்புகளும் ஒரு நைட்டியும் சோப்புத் தண்ணீரில் கிடந்தன. கண்ணாடிக் கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. ஃபெமினா பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் பொறுத்து, மறுபடி சொருகிப் பார்த்தாள். முகப்பில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்து உள்ளே போனாள்.

அந்த வீட்டில் அந்த மெஷின் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது ஓடியாக வேண்டும். வியாகுலம்மாள் ஃபெமினாவின் நாத்தனார். கணவன் பிரிட்டோவுக்கு அக்கா. அறுபத்தொன்பது வயது. அக்டோபரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் எழுந்து நடக்க வரவில்லை. ஏழு மாதமாகக் கட்டில்தான். முப்பத்துநாலு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் என்பதால் தன் வைத்தியத்தைத் தானே முடிவு செய்வார். டயப்பர் கட்டினால் புண் வரும் என்றார். கட்டிப் பார்த்தார்கள், பத்தே நாளில் வந்தது. ஆகவே ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு, நனைந்தால் உடனே மாற்றுவது என்று ஆயிற்று. ஒரு நாளைக்கு ஆறு விரிப்பு, சில நாள் ஏழு.

மெஷினும் அவர் வாங்கியதுதான். பதினோரு வருஷத்துக்கு முன் ரிட்டயர்டு ஆனபோது கைக்கு வந்த பணத்தில், தம்பி வீட்டோடு வந்து தங்கிய முதல் மாதத்திலேயே வாங்கிப் போட்டார். வாங்கினாரே தவிர யாரையும் தொடவிட்டதில்லை. பிரிட்டோவின் ஒர்க்‌ஷாப் உடுப்பில் எண்ணெய் இருக்கும், போடக்கூடாது. ஃபெமினாவின் சேலை சாயம் போகும், போடக்கூடாது. ஃபெமினா நாலைந்து வருஷம் தன் துணியைப் பின்கட்டுக் கல்லில்தான் துவைத்தாள். சண்டை என்று எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான். ஃபெமினா அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். அவர் பெரும்பாலும் பெயர் சொல்லாமலே பேசுவார்.

கம்பெனி சர்வீஸ் ஆள் வெள்ளிக்கிழமை வந்தான். அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து ஒரு நாடாவை இழுத்ததும் கதவு திறந்துகொண்டது. நாலு நாள் ஊறிய நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. மெஷின் இருந்தது நடு அறைக் கதவுக்கு வெளியே. கட்டில் நடு அறையில். வியாகுலம்மாள் மூக்கைப் போர்வை நுனியால் மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெயின் போர்டு போயிடுச்சு மேடம். பதினோராயிரத்து எண்ணூறு ஆகும்."

"போர்டு மட்டுமா?"

"போர்டு மட்டும்தான். ஆனா இந்த மாடலை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு. சென்னை குடோன்ல இருக்கான்னு கேக்கணும். அட்வான்ஸ் கட்டுனாத்தான் கேப்பாங்க."

"போட்டா எவ்வளவு நாள் ஓடும்?"

அவன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தான். "அத நான் சொல்ல முடியாது மேடம். பதினோரு வருஷப் பொருள். இன்னிக்கு போர்டு, நாளைக்கு மோட்டார். உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் தேவைப்படும்னு நீங்களே பாத்துக்குங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு மேலன்னா புதுசா எடுத்துருங்க. கொஞ்ச நாளைக்குத்தான்னா இதுல செலவு பண்றதே வேஸ்ட்டு."

அவன் மெஷினைப் பற்றித்தான் பேசினான். ஃபெமினா தலையாட்டினாள். அவன் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது வியாகுலம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

சாயங்காலம் பிரிட்டோ அடுக்களையில் நின்று சீட்டைப் படித்தான். புது மெஷின் முப்பத்திரண்டாயிரம் என்று ஃபெமினா கடையில் கேட்டு வைத்திருந்தாள். ஆபரேஷனுக்கு சொசைட்டியில் எடுத்த லோன் அவன் சம்பளத்தில் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, என்ன செய்யலாம்?"

"போர்டுக்கு இவ்வளவு குடுக்கிறது முட்டாள்தனம். புதுசும்..." நிறுத்தினான். சீட்டை நாலாக மடித்தான். "ஒரு ரெண்டு மாசம் போகட்டும் ஃபெமி. பாப்போம்."

இரண்டு மாதத்தில் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்கும் மனதில் அதே கணக்குத்தான் ஓடியது. முப்பத்திரண்டாயிரம் ரூபாய் மெஷின், எத்தனை மாதத்துக்கு? அந்த எண்ணம் வந்தபோது தனக்குப் பதறும் என்று நினைத்தாள். பதறவில்லை. பல்லி சுவரில் ஓடுவதைப் பார்ப்பதுபோல அது பாட்டுக்கு வந்து போயிற்று.

மெஷின் நின்ற அன்றிலிருந்தே கையால்தான் துவைத்தாள். காலையில் நாலரைக்கு எழுந்தால் ஸ்கூலுக்குப் போவதற்குள் முடியும். ஸ்கூல் ஆபீசில் கிளார்க் வேலை. அட்மிஷன் சமயம், லீவு கிடையாது. ஸ்கூட்டியில் ஐந்து நிமிஷ தூரம் என்பதால் பதினோரு மணிக்கும் ஒரு மணிக்கும் வீட்டுக்கு வந்து விரிப்பு மாற்றிவிட்டு ஓடுவாள். நனைந்ததை வாளியில் போட்டு, சாயங்காலம் திரும்பியதும் மறுபடி கல். நனைந்த பருத்தி விரிப்பு பிழியும்போது ஆள் கனம் கனக்கும். பிரிட்டோ ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கொடியில் போடுவதற்கு ஒரு நுனியைப் பிடிப்பான். அவளாக வேறு எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டும், அதற்கே அலுப்பாக இருந்தது.

இரண்டாவது வாரம் விரல் நுனிகள் மரத்துப்போயின. சூடான டம்ளரைப் பிடித்தால் சுடுவது தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது. ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது வியாகுலம்மாள் வாயை மூடிக்கொண்டார்.

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்ல அண்ணி."

"காட்டுன்னா காட்டு."

ஸ்பூனை வைத்துவிட்டு நீட்டினாள். அவர் கையைப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷத்தில் அவராக அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"பிளீச்சிங் போடுறியா?"

"கொஞ்சம். இல்லன்னா வாடை போக மாட்டேங்குது."

"கிளவுஸ்?"

"போட்டா துணி வழுக்குது."

வியாகுலம்மாள் கையை விட்டார். "அலமாரி ரெண்டாவது தட்டுல நீலமா ஒரு டியூப் இருக்கும், எடுத்துப் பூசிக்க" என்றார். அப்புறம் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்கப்புறம் விரிப்புகள் குறைய ஆரம்பித்தன. ஆறு ஐந்தாயிற்று, ஒரு வாரத்தில் நாலு. ஒரு நாள் பதினோரு மணிக்கு ஃபெமினா வேர்க்க விறுவிறுக்க வந்து பார்த்தால் விரிப்பு உலர்ந்தே இருந்தது. "போயிட்டு வா, ஒண்ணும் வேண்டியதில்ல" என்றார். ஃபெமினா கட்டிலருகே ஸ்டூலில் இருந்த சொம்பைப் பார்த்தாள். காலையில் நிரப்பி வைத்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. வெயில் காலம், எல்லாம் வேர்வையாகப் போய்விடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அன்று சாயங்காலம் துவைக்க மூன்றே விரிப்பு. பல நாளைக்குப் பிறகு உட்கார்ந்து காபி குடித்தாள்.

மறுநாளும் சொம்பு நிறைந்திருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைத்தாள். குடிங்க அண்ணி என்று சொல்லலாம் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

ரஃபீக் பொன்மலைப்பட்டி கடைத்தெருவில் மிக்ஸி, ஃபேன், மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்ப்பவர். ஃபெமினா ஸ்கூல் விட்டு வரும் வழியில் இரண்டு மூன்று தடவை அவரிடம் கேட்டு வைத்திருந்தாள். ஜூன் பிறந்த முதல் வெள்ளிக்கிழமை அவரே போன் செய்தார்.

"அக்கா, உங்க மாடல் மெஷின் ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்ல இருக்கு. போன மாசம் நான்தான் பாத்தேன். டிரம்மத் தாங்குற பார்ட்டு ஒடஞ்சு போச்சு. அதுக்கு ஒம்பதாயிரம் ஆகும்னு சொன்னதும் அவங்க புதுசு வாங்கிட்டாங்க. போர்டு நல்லா இருக்கு. உங்களுது டிரம்மு நல்லா இருக்கு. வாங்கிப் போட்டா ஓடும், இன்ஷா அல்லாஹ்."

"எவ்வளவு கேப்பாங்க?"

"பேசிக்கலாம். நாளைக்கு மத்தியானம் வந்துருங்க. நான் பைக்ல வந்துர்றேன்."

சனிக்கிழமை அரை நாள்தான் ஸ்கூல். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஆற்றில் மணல்தான். ஃபெமினா மடியில் பையை வைத்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடி. திருவேங்கடம் என்பவர் வீடு. பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் பால்கனியில் நின்றது. மேலே துளசித் தொட்டியும் பழைய பேப்பர் கட்டும். ரஃபீக் முன்பே வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மொத்தமா எடுத்துண்டு போயிட்டாத் தேவலை" என்றார் திருவேங்கடம். "ஒரு மாசமா இடத்த அடைச்சுண்டு நிக்கறது."

"போர்டு மட்டும் போதும் சார்" என்றார் ரஃபீக். "மிச்சத்துக்குப் பழைய இரும்புக்காரர அனுப்புறேன்."

திருவேங்கடத்தின் மனைவி அம்மணி ஃபெமினாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். "வாங்கோ, வெயில்ல வந்திருக்கேள். முதல்ல தீர்த்தம் சாப்பிடுங்கோ." சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஃபெமினா அண்ணாந்து நிறுத்தாமல் குடித்தாள். அவ்வளவு தாகமாக இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவு அலைஞ்சுண்டு பழைய மெஷினுக்குப் பார்ட் தேடறேளே, ஆத்துல நிறையப் பேரா?"

"மூணு பேர்தான்மா. எங்க நாத்தனார் படுக்கையில இருக்காங்க. ஏழெட்டு மாசமாச்சு. விரிப்பு நிறைய விழும்."

"நாத்தனாரா? மாமியார்கூட இல்லையா?" அம்மணி கையைக் கூப்பினாள். "இந்தக் காலத்துல யார் பண்ணுவா? இது கைங்கர்யம்மா. பெருமாள் பாத்துண்டிருக்கார். உங்களுக்கு ஒரு குறையும் வராது."

ஃபெமினா காலிச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று காலை விழுந்தது ஒரே ஒரு விரிப்பு. அதுவும் பாதிதான் நனைந்திருந்தது. கறை அடர்ந்த மஞ்சளில் இருந்தது, வாடை வேறு மாதிரி. அதைத் துவைக்கும்போது அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, சீக்கிரம் முடிந்தது என்று பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தீர்த்தம் தரட்டுமா?"

"போதும்மா."

போர்டு ஒரு ஸ்கூல் சிலேட் அளவுதான் இருந்தது. ரஃபீக் இரண்டாயிரம் பேசியிருந்தார். திருவேங்கடம் ஆயிரத்து ஐந்நூறை எடுத்துக்கொண்டு ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அம்மணி உள்ளே அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ரஃபீக் அன்றைக்கே பொன்மலைப்பட்டிக்கு வந்து பொருத்தினார். நாலரை மணிக்கு முகப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு நைட்டியைப் போட்டு ஓடவிட்டார்கள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் பிரிட்டோ அடுக்களையிலிருந்து வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

"எத்தனை நாள் ஓடும் பாய்?"

"நல்லா ஓடும்ணே. பழசுதான் கெட்டி."

ஃபெமினா நடு அறைக்குப் போனாள். "அண்ணி, மெஷின் சரியாயிடுச்சு" என்றாள். இனிமேல் தண்ணி குடிங்க என்பதையும் சேர்த்தே சொல்லத்தான் வந்தாள். அந்த வாக்கியத்தைப் பஸ்ஸிலேயே நினைத்து வைத்திருந்தாள்.

வியாகுலம்மாள் அவளைப் பார்த்தார். "சிஸ்டர், ஏழாம் பெட்டுக்கு டிரிப் மாத்தியாச்சா?" என்றார்.

உதடு வெடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றி கொதித்தது. ஃபெமினா சொம்பை எடுத்து அவர் வாயில் வைத்தாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணைக்குள் போயிற்று. வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த ரஃபீக்தான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையின் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். கிள்ளிய இடம் அப்படியே மடிந்து நின்றது.

"தண்ணியே குடிக்கலையா இவங்க? யூரின் இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துல கலந்துருச்சு. கிட்னியும் வேலை செய்யல. எத்தனை நாளா இப்படி?"

பிரிட்டோ ஃபெமினாவைப் பார்த்தான். "வெயில்ல..." என்றாள் ஃபெமினா.

இரண்டாவது நாள் காலையில் வியாகுலம்மாளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. நர்ஸ் பாதிகூட நிறையாத யூரின் பையைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு?" என்றார் அவர். நர்ஸ் சொன்னாள். "இன்டேக்?" உள்ளே ஏற்றிய தண்ணீரின் கணக்கையும் நர்ஸ் சொன்னாள். வியாகுலம்மாள் கண்ணை மூடி மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். குரலில் பயமோ வருத்தமோ இல்லை. வார்டில் வேறு யாருடைய சீட்டையோ பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். முப்பத்துநாலு வருஷம் மற்றவர்களுக்கு அதைக் குறித்து வைத்தவர். குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அது அந்த நிமிஷம்தான் ஃபெமினாவுக்கு முழுதாக உறைத்தது. உறைத்தும் உடம்பில் எதுவும் அசையவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று போர்வையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினாள். ஏற்கெனவே செருகியிருந்த ஓரம்.

வியாழக்கிழமை மத்தியானம் வியாகுலம்மாள் இறந்துபோனார். மறுநாள் அடக்கம். ஒர்க்‌ஷாப் ஆட்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த இரண்டு வயதான நர்ஸுகள் வந்தார்கள். "கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கிட்ட" என்று ஒருத்தி ஃபெமினாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபெமினா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

வீட்டில் மிச்சமிருந்த விரிப்புகளைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தாள். மெஷின் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அதற்கு வேலையில்லை. கையில் புதுத் தோல் வந்தது. ஸ்கூலில் அட்மிஷன் முடிந்து புத்தகம் கொடுக்கும் வேலை ஆரம்பித்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அவளைக் கூப்பிட்டு, வேண்டுமானால் பத்து நாள் லீவு எடுத்துக்கொள் என்றாள். வேண்டாம் என்றாள் ஃபெமினா. யாராவது பேசினால் பதில் சொன்னாள்.

ஜூலையில் முப்பதாம் நாள் பூசை முடிந்து இருவரும் கல்லறைக்குப் போனார்கள். பிரிட்டோவின் அப்பா அம்மாவைப் புதைத்த இடத்திலேயே வியாகுலம்மாளையும் வைத்திருந்தார்கள். மண் இன்னும் படியவில்லை. மெழுகுவத்தி காற்றில் நிற்காமல் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பிரிட்டோ கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஃபெமினா சொன்னாள்.

"அண்ணி தண்ணி குடிக்கலைங்கிறது எனக்குத் தெரியும்ங்க. தானா குறையல. எனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு குடிக்காம இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சுது. விரிப்பு குறையுதேன்னு பேசாம இருந்துட்டேன்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அம்மா செத்த பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அக்கா.

பிரிட்டோ மெழுகுவத்தியை மண்ணில் நட்டான். எழுந்திருக்காமல், அதைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"காலையில ஷிஃப்டுக்குப் போறப்ப சொம்பப் பாப்பேன். முந்தின நாள் வச்ச தண்ணி அப்படியே இருக்கும். அக்கா முழிச்சுத்தான் இருக்கும். என்னைப் பாக்கும். நானும் பாப்பேன். 'போயிட்டு வரேன்க்கா'ன்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

"நீங்களும்..."

"ம்."

மெழுகுவத்தியின் அடியில் மண்ணை அணைத்துக்கொண்டே, "அந்தக் கம்பெனிக்காரன் சொன்னத அக்கா கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டாங்க."

"நான் சொன்னது?"

ரெண்டு மாசம் போகட்டும் என்று அவன் சொன்னது அடுக்களையில். நடு அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைதான்.

"தெரியல" என்றாள் ஃபெமினா.

அவன் தலையை ஆட்டினான். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்றான். இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். பூ விற்பவள் மிச்சப் பூவைக் கூடைக்குள் அள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்டாப்பில் பொன்மலைப்பட்டி பஸ்ஸுக்காக இருபது நிமிஷம் நின்றார்கள். பஸ் கூட்டமாக வந்தது. பிரிட்டோ அவளை முன்வாசல் வழியாக ஏற்றிவிட்டுத் தான் பின்வாசலில் ஏறிக்கொண்டான். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் மேல்கம்பியைப் பிடித்தபடி ஃபெமினா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் கண்டக்டரிடம் இரண்டு விரலைக் காட்டி, அவளுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தான்.